கற்பக மரம் காய்ந்த பிறகு

உங்கள் போனிலும் கண்டிப்பாக வந்திருக்கும். பின்னணியில் புல்லாங்குழல், பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம், நடுவில் ஒரு கை இலையைக் கிள்ளுகிறது. இயற்கைக்கு எல்லாம் தெரியும், இந்த ஒரே ஒரு இலையை ஏழு நாள் வெறும் வயிற்றில் மென்று பாருங்கள் என்கிறது ஒரு குரல். நாற்பது விநாடி. சேவ் பண்ணிவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவோம். எங்கள் டிபார்ட்மென்ட் பையன் ஒருவன் இப்படிச் சேர்த்து வைத்திருப்பது நூறைத் தாண்டும். முடி கொட்டுவதற்கு ஒரு ஃபோல்டர், முதுகு வலிக்கு ஒன்று, தூக்கம் வராததற்கு ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து அந்தக் கடைசி ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான்!

அவனைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. செடியில் மருந்து இருக்கிறது, உடம்பு தன் நிலைமையைத் தானே சொல்லும், இந்த இரண்டையும் நானும் நம்புகிறவள்தான். அந்த ரீல் இரண்டிலிருந்தும் உழைப்பை உருவி எடுத்துவிட்டு வெறும் இலையை மட்டும் நம் கையில் கொடுக்கிறதே, அதோடுதான் என் சண்டை.

இதைப் பேச நம்ம ஊரிலேயே ஒரு இடம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்துக்கொண்டு நம்மில் பலர் எட்டிக்கூடப் பார்க்காத இடம். பிள்ளையார்பாளையத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் திருப்பருத்திக்குன்றம். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி மாதிரி இது ஜினகாஞ்சி. பல்லவர் காலத்திலேயே செப்பேட்டில் பெயர் ஏறிய சமண ஊர். இங்கே வர்த்தமானருக்கு, அதாவது மகாவீரருக்கு, திரைலோக்கியநாதர் கோயில் இருக்கிறது. உள்ளே ஒரு குரா மரம். அதனடியில் முனிவர்கள் தவம் செய்ததாகச் சொல்வார்கள். முன்னால் இருக்கும் சங்கீத மண்டபத்தை 1387-88இல் கட்டியவர் இருகப்பர். விஜயநகரத் தளபதி, தன் குரு புட்பசேனர் சொல்லிக் கட்டினார். அந்த மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பார்த்தால் வரிசை வரிசையாக ஓவியம். கழுத்து வலிக்கும், ஆனால் பாருங்கள். 1934இல் டி.என். ராமச்சந்திரன் இந்தக் கோயிலுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார், சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது.

அந்தக் கூரையில் முதல் தீர்த்தங்கரர் ரிஷபரின் வாழ்க்கையும் இருக்கிறது. அவர் கதை தெரியுமா? சமணர் புராணப்படி, ஆதியில் மனிதர்களுக்கு வேலையே கிடையாது. பத்து வகைக் கற்பக மரங்கள் இருந்தன. சாப்பாட்டுக்கு ஒரு மரம், துணிக்கு ஒரு மரம், வெளிச்சத்துக்கு ஒரு மரம், வாத்தியம் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு மரம். போய் நின்றால் போதும். காலம் மாறியது, அந்த மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தரையில் தானாக முளைத்த சாதாரணச் செடி கொடிகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஜனங்கள் பயந்துபோய் ரிஷபரின் அப்பா நாபியிடம் ஓடினார்கள். எதைச் சாப்பிடலாம், எது மருந்து, எது விஷம் என்று அவர் பிரித்துக் காட்டினார். அப்புறம் ரிஷபர் உழவு, எழுத்து, வணிகம், கைத்தொழில் என்று ஆறு தொழில்களைக் கற்றுக்கொடுத்தார். 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் எழுதிய ஆதிபுராணத்தில் இது விரிவாக வருகிறது.

நான் சமணப் பெண் இல்லை. கதையாகத்தான் படித்தேன். ஆனால் படித்ததும் அந்த ரீல்தான் ஞாபகம் வந்தது. ரீல் சொல்கிற இயற்கை அசல் கற்பக மரம். போய் நின்றால் தரும், கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, தப்பாகப் போகவும் வழியில்லை. புராணமோ அந்த மரங்கள் போய்விட்டன என்கிற இடத்திலிருந்துதான் மனுஷ வாழ்க்கையையே ஆரம்பிக்கிறது.

அந்தப் பிரித்துப் பார்க்கிற வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை என்று யாராவது சொன்னால் நம் ஊரில் அடுத்த வார்த்தை கீழாநெல்லி. எங்கள் ஆயா அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். இதைச் சும்மா பாட்டி வைத்தியம் என்று தள்ளாமல் சோதித்துப் பார்த்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து செய்த ஆய்வு அது. அந்த வைரஸ் உடம்பிலேயே தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் மருந்து. ஒரு பக்கம் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு பக்கம் மருந்தே இல்லாத வெறும் பொடி. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் காணாமல் போயிருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி. 1988இல் லான்செட் இதழில் வந்தது. உலகமே நம்ம வேலியோரத்துச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் ரீலுக்கு நல்லா இருந்திருக்கும். மற்ற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வு 2011இல், நம்பிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. செடி வேறு இனமாக இருந்திருக்கலாம், பறித்த இடமும் பருவமும் மாறியிருக்கலாம், பொடி செய்த முறை மாறியிருக்கலாம் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. அப்படியானால் கீழாநெல்லி பொய்யா? அந்த அவசரமும் வேண்டாம். ஒரு இலையைப் பற்றி ஆமாம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் எத்தனை பேருடைய எத்தனை வருஷ வேலை தேவைப்படுகிறது என்று பாருங்கள்.

எனக்குப் பிடித்தது அந்த வெறும் பொடி சாப்பிட்ட 23 பேர். லேப்பில் கன்ட்ரோல் இல்லாமல் ரீடிங் எடுத்தால் நம்மை வெளியே அனுப்பிவிடுவார்கள், ஆனால் வீட்டு வைத்தியத்தில் அந்தக் கேள்வியே நமக்கு வராது. கெட்ட தண்ணீரால் வருகிற ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நாட்களில் நீங்கள் கீழாநெல்லி குடித்திருந்தால் பெயர் கீழாநெல்லிக்கு, கரும்புச்சாறு குடித்திருந்தால் கரும்புச்சாறுக்கு. ஆனால் எல்லா மஞ்சளும் அந்த மஞ்சள் இல்லை. பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், எலிக்காய்ச்சலிலும் ஆகும். எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் அக்கா பத்து நாள் இலைச்சாறு குடித்துக்கொண்டே செமஸ்டர் எழுதினாள். பதினோராவது நாள் குளிர்ஜுரத்தோடு ஆஸ்பத்திரி. கல். பிழைத்துக்கொண்டாள். அந்தப் பத்து நாளும் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் இயற்கை பார்த்துக்கொள்ளும்.

இதே மாதிரி நித்தியகல்யாணி. சர்க்கரைக்கு நல்லது என்று பல நாடுகளில் வழக்கம் இருந்தது. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பீரும் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த வழியில் போய்த்தான் வின்பிளாஸ்டின் வந்தது, பின்னால் வின்கிரிஸ்டினும் வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் கொடுக்கிறார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இந்தச் செடியைப் பயிராகவே போடுகிறார்கள். இந்தச் செடியின் பூவைத்தான் தினமும் ஐந்து மெல்லுங்கள் என்று ஒரு ரீல் போன வாரம் எனக்கு வந்தது. உயிரணு பிரிவதையே நிறுத்துகிற சரக்கு, டீத்தூள் மாதிரி.

பெயர்க் குழப்பம் தனி ஆபத்து. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்க மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் கெட்டது. நூறு பேருக்கு மேல். சீனப் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால் ஒரு வேருக்குப் பதிலாக வேறு வேர் கலந்துவிட்டது. கலந்தது நம்ம ஆடுதீண்டாப்பாளையின் சொந்தக்காரச் செடி. ஆடு தீண்டாத பாளை என்று நம்மவர்கள் பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், பாருங்கள். கரிசலாங்கண்ணியில் வெள்ளை, மஞ்சள் என்று இரண்டு வேறு செடிகள் இருப்பதும், அந்த இரண்டில் எது வேண்டும் என்று நாட்டுமருந்துக் கடைக்காரர் கேட்பதும் நம் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, செடியை விட்டு உடம்புக்கு வருவோம். அதற்கு மறுபடி அந்த முனிவர்களிடம்தான் போகணும். அவர்கள் வெல்னஸ் குரு இல்லை. உடம்பைப் பேணுவது அவர்கள் குறிக்கோளே இல்லை, அதிலிருந்து விடுபடுவதுதான். இருந்தும் சமணர்கள் பெரிதாகச் சொன்ன நான்கு தானங்களில் உணவு, கல்வி, அடைக்கலத்தோடு மருந்தும் ஒன்று. பதினெண்கீழ்க்கணக்கில் சமணப் புலவர்கள் எழுதிய இரண்டு நூல்களுக்கு மருந்தின் பெயர்தான். காரியாசான் எழுதியது சிறுபஞ்சமூலம். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்று ஐந்து சின்ன வேர்கள். கணிமேதாவியார் எழுதியது ஏலாதி. ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மார்க்குக்கு மனப்பாடம் செய்ததை இப்போது மறுபடி பார்த்தால் ஒரு இன்ஜினியருக்கு அந்த ஒன்று முதல் ஆறு வரையிலான கணக்குதான் கண்ணில் படும். எது, எவ்வளவு, எதோடு. புத்தகத்துக்குள்ளே போனால் வைத்தியக் குறிப்பு இருக்காது, எப்படி நடந்துகொள்வது என்றுதான் இருக்கும். மருந்து என்பதை அவர்கள் நடத்தையிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை.

சித்த மருத்துவத்திலும் இலை கடைசியில்தான் வரும். முதலில் எண்வகைத் தேர்வு: நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர். மெஷினே இல்லாமல் ஒரு ஆளை இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கணும். இதில் நாடியை விட்டுவிடுங்கள், அதற்குப் படிப்பு வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் போய்க் காட்டிக்கொள்ளலாம். மற்றதில் பாதியை நாமே காலையில் கண்ணாடி முன்னால் பார்க்கலாம். நாக்கு எப்படி இருக்கிறது, கண் என்ன நிறம், சிறுநீர் தண்ணீர் மாதிரியா, டீ டிகாஷன் மாதிரியா. போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று இந்த நிமிஷம் உங்களால் சொல்ல முடியும். இன்றைக்கு எத்தனை தடவை சிறுநீர் கழித்தீர்கள் என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று, பதினான்கு வேகங்கள். உடம்பு கேட்கும்போது அடக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல். பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், தும்மல், இருமல், கொட்டாவி, கண்ணீர் எல்லாம் அதில் வரும். கண்ணீரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மூலிகையும் இல்லாத வைத்தியம் இது. உடம்பு சொல்வதைக் கேள், கேட்டதைச் செய். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். எழுதும்போதே எங்கப்பா நினைவு வருகிறது. முப்பது வருஷமாகக் குழித்தறியில் நெய்கிறார். கால் இரண்டும் குழிக்குள் மிதியின் மேல், கண் பாவில், கை நாடாவில். பட்டு இழை ஒன்று தளர்ந்தால் மிதியின் கனத்திலேயே தெரிந்துவிடும் என்பார். உடம்பைக் கவனிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை, அவர் உடம்பே ஒரு சென்சார். முட்டியும் இடுப்பும் என்ன சொல்கின்றன என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து நட என்று சொல்கின்றன. ஆனால் கூலி புடவைக்கு, நேரத்துக்கு இல்லை. கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் கரை நாடா போட இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பார். இவர் எழுந்தால் அவர் கூலியும் நிற்கும். (ஒரு காலத்தில் அந்த இடத்தில் சின்னப் பசங்களை உட்காரவைத்தார்கள் என்பது நம்ம ஊர் பட்டின் கறை.)

ராத்திரி வீட்டில் முடக்கத்தான் ரசம். பெயரே முடக்கை அறுப்பது. ஆயா வேலியிலிருந்து பறித்து வருவாள், நொச்சி போட்ட வெந்நீரும் வைப்பாள். அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். மறுநாள் காலை மறுபடி அதே குழி. முடக்கத்தான் எத்தனை கைப்பிடி போட்டால் பன்னிரண்டு மணி நேரக் குழித்தறியை ஜெயிக்கும்? ரீலில் வருகிற அந்தக் குரலுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. அதைப் பொறுத்தவரை உடம்பு என்பது தனியாக, ஒரு தோட்டத்தில், கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது. கூலியோடும் டைம்டேபிளோடும் இருக்கிற உடம்பை அது பார்த்ததே இல்லை.

இப்போது நம்ம காலேஜுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். தோழிகளே, உங்களுக்குத் தெரியும். தோழர்களே, உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் எழுதுகிறேன். காலை ஏழு மணிக்கு காலேஜ் பஸ் ஏறியதும் நாங்கள் தண்ணீர் பாட்டிலை மூடிவிடுவோம். சாயந்திரம் ஐந்தரைக்கு வீட்டு வாசலில் இறங்கினதும்தான் திறப்போம். தாகம் தெரியாமல் இல்லை. மூன்றாவது மாடியில் பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருவது பாதி நாள். கீழ் மாடிக்கு இறங்கி வரிசையில் நின்று திரும்ப, பத்து நிமிஷ இடைவேளை போதாது. லேட்டானால் அட்டெண்டன்ஸ் போகும். லேப் நடுவில் கையைத் தூக்கிக் கேட்டால், இப்போதானே பிரேக் விட்டாங்க என்று பதில் வரும். ஆகவே பதினான்கு வேகங்களில் இரண்டை, தாகத்தையும் சிறுநீரையும், வாரத்துக்கு ஆறு நாள் அடக்கிப் பழகியிருக்கிறோம். மாதவிடாய் நாட்களில் எப்படி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போன செமஸ்டரில் எங்கள் வகுப்பில் மட்டும் நான்கு பேருக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று. எரிச்சல், காய்ச்சல், இடுப்புக்கு மேலே வலி. அதில் ஒருத்தி ஒரு ரீலைப் பார்த்து நாட்டுமருந்துக் கடையில் நெருஞ்சிப் பொடி வாங்கினாள். அதே சிறுபஞ்சமூலத்து நெருஞ்சி. நீர்க்கடுப்புக்கு நெருஞ்சி என்பது சித்த மருத்துவத்தில் சொல்லப்படுவதுதான், அவள் ஒன்றும் முட்டாள்தனம் செய்யவில்லை. காய்ச்சல் வந்ததும் டாக்டரிடம் போய் ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொண்டாள், அதுவும் சரி. இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. அவளுக்கு நெருஞ்சியும் கிடைத்தது, மாத்திரையும் கிடைத்தது. மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிற தைரியம் மட்டும் கிடைக்கவில்லை.

நம்ம காலேஜ் மூலிகைத் தோட்டத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மெயின் கேட் பக்கம், ஒவ்வொரு செடிக்கும் பச்சை போர்டு. விருந்தினர் வந்தால் போட்டோ எடுப்பது அங்கேதான். துளசி, ஆடாதோடை, தூதுவளை, நொச்சி. சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள், ஒரு நாளும் தண்ணீர் நின்றதில்லை. நல்ல தோட்டம், இருக்கட்டும்.

மாணவர் பேரவைக்கு நான் ஒரு மனு எழுதியிருக்கிறேன். இரண்டே கோரிக்கை. மூன்றாவது மாடிக் கழிவறைக்குத் தோட்டத்துக்கு வருகிற மாதிரி நாள் முழுக்கத் தண்ணீர். காலை இடைவேளை பத்து நிமிஷம் என்பது இருபது நிமிஷம். இதுவரை 61 கையெழுத்து, அதில் பையன்கள் ஏழு பேர். மனு மெக்கானிக்கல் பிளாக் பின்னால் வேப்பமரத்தடி பெஞ்சில் இருக்கும், புதன்கிழமை வரை, மதிய சாப்பாட்டு நேரத்தில். பேனா கொண்டு வாருங்கள், என்னுடையது ஏற்கனவே இரண்டு தொலைந்துவிட்டது.